உத்தரவாதம் கிடையாதுங்க

ஜன்னல் சீட்டு உங்களுதுங்களா தம்பி? உக்காருங்க, உக்காருங்க. எனக்கு வெளிய பாக்க ஒண்ணுமில்ல. இந்தப் பிளக்கு மட்டும் எனக்கு விட்டுக் குடுத்துருங்க, போதும். லேப்டாப்பு பழசு, சார்ஜு நிக்கறதில்ல.

பையப் பாத்தா மருந்துக் கம்பெனின்னு தெரியுது. மெட்ராஸ் வரைக்குமுங்களா? நானும்தான். மக வீட்டுக்கு. என்ற சம்சாரமும் அங்கதான் இருக்கறா. பேரனப் பாத்துக்க ஆளில்லைன்னு போனா. பேரன் இப்ப அவனா சைக்கிள் மிதிச்சு ஸ்கூலுக்குப் போறான். இவ இன்னும் திரும்பி வரல. சரி, அந்த ஊரு பழகிப்போச்சு போல.

என்ன வெறும் எண்ணா இருக்குதேன்னு பாக்கறீங்களா? ஷேர் மார்க்கெட்டெல்லாம் இல்லீங்க. இது என்ற பொழப்பு. பொழப்புன்னா வருமானம்னு நெனைச்சுக்காதீங்க. மில்லு மெஷினுக்கு எலக்ட்ரானிக் போர்டு செய்யற கம்பெனியில இருந்து ரிட்டையர் ஆனவன் நான். தெய்வசிகாமணின்னா கோயமுத்தூர்ல போர்டு வேலை தெரிஞ்ச யாரும் சொல்லுவாங்க. இது அதுக்கு மேல, என்ற சொந்த ஆசைக்குச் செஞ்சது.

சொல்றேன், கேளுங்க. சிப்புல ரெண்டு ரகம். ஒண்ணு, ஒரே வேலைக்குன்னு பொறந்தது. வாஷிங் மெஷினுக்குன்னு பொறந்தா வாஷிங் மெஷினோடயே சாகும். இன்னொரு ரகம், உள்ள வெறும் சுவிட்சும் கம்பியுமா இருக்கும். லட்சக்கணக்குல. எந்த சுவிட்சப் போடணும், எந்தக் கம்பிய எதோட சேக்கணும்னு நாம எழுதி உள்ள அனுப்பணும். அனுப்புனா நாம சொன்ன மெஷினா அது மாறிக்கும். இன்னிக்கு பம்பு ஓட்டும், நாளைக்கு வேற எழுதுனா டிராபிக் லைட்டு போடும். அருமையான சாமானுங்க.

ஆனா எழுதி அனுப்பற மென்பொருளு சிப்பு செய்யறவன் கையில இருக்கும். உள்ள எந்த சுவிட்சு எங்க இருக்குதுன்னு வெளிய மூச்சு விடமாட்டான். நான் அதக் கண்டுபிடிச்சனுங்க. அவன் மென்பொருள்ல சின்னதா ஒண்ணு வரைஞ்சு போடுவேன், என்ன வருதுன்னு பாப்பேன். அப்பறம் ஒரே ஒரு புள்ளிய மாத்திப் போடுவேன், எது மாறுதுன்னு பாப்பேன். வருஷக்கணக்கா இதே வேலை. கண்ணாலம் காச்சின்னு எங்கியும் போனதில்ல. சம்சாரம் அதச் சொல்லிச் சொல்லி அழுவா. அழுதா கண்டுபிடிச்சிற முடியுமா?

கடைசியில முழுசா ஒரு மென்பொருளே எழுதிட்டேன். தறின்னு பேரு வெச்சேன். சிப்புக்குள்ள கம்பியக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டறதனால தறி. இலவசம். யார் வேணா எடுத்துக்கலாம், உள்ள என்ன எழுதியிருக்குதுன்னு பாக்கலாம், மாத்தலாம், மாத்துனத எனக்கு அனுப்பலாம். நல்லா இருந்தா சேத்துக்குவேன். ஜெர்மனிக்காரன் ஒருத்தன் என்னைய மாஸ்டர்னு எழுதுனான். காலேஜ் காலேஜா எடுத்துக்கிட்டாங்க. கம்பெனிக்காரன் மென்பொருளு இந்த சிப்பு இவ்வளவு வேகம்தான் ஓடும்னு சொன்னா, என்ற தறி அதவிட வேகமா ஓடும்னு சொல்லும். அதுதான் தம்பி எனக்குப் பெருமை. கம்பெனியவே மிஞ்சிட்டோமில்ல?

அப்பத்தான் அந்தப் பொண்ணு வந்தா.

பிரிசில்லான்னு பேரு. தூத்துக்குடி. உப்பளத்துல தண்ணி ஏத்தற பம்புக்கு கண்ட்ரோல் பொட்டி செய்யற கம்பெனியில வேலை. தறிய வெச்சு பொட்டி செஞ்சிருக்கறா. முதல்ல எழுதுனா, அப்பறம் நம்பர் வாங்கி போன்லயே கூப்புட்டா.

"சார், நல்லாருக்கீங்களா? தறி எங்களுக்கு ரொம்ப உபகாரமா இருக்கு சார். ஆனா ஒரு சந்தேகம். தறி சொல்லுத நேரமும் போர்டுல நெசமா ஆவுத நேரமும் ஒத்து வரல. காலைல நல்லா ஓடுது. மத்தியானம் பொட்டி சூடாச்சுன்னா தண்ணி மட்டத்தத் தப்பாக் காட்டுது."

"போர்டுல ஈயம் பத்த வெச்சது சரியா இருக்காதும்மா"ன்னேன்.

"எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன் சார். அதே போர்டு, அதே டிசைன். கம்பெனி மென்பொருள்ல போட்டா மத்தியானமும் ஓடுது. தறில போட்டாத்தான் இப்படி."

எப்படி இருக்கும் எனக்கு? நீங்களே சொல்லுங்க. என்ற பிள்ளைய என்கிட்டயே வந்து கருப்புன்னு சொல்ற மாதிரி.

விஷயம் இதுதான் தம்பி. கம்பி சூடானா கரண்டு கொஞ்சம் மெதுவாப் போகும். ஒவ்வொரு கம்பியும் எவ்வளவு நேரம் எடுத்துக்குதுன்னு தறிக்குள்ள ஒரு அட்டவணை இருக்குது. நான் அளந்து போட்டது. எங்கூட்டு மாடி ரூம்புல, ஏசி போட்டு, அமைதியா உக்காந்து அளந்தது. அந்த அட்டவணைய வெச்சுத்தான் தறி சொல்லும், இது நேரத்துக்கு வந்து சேரும், சேராதுன்னு. இவ சொல்றா, அந்த அட்டவணை ஏசி ரூம்புக்குத்தான் சரி, உப்பளத்துக்குச் சரி இல்ல, சூட்டுல அளந்து இன்னொண்ணு போடணும்னு.

போட்டா என்னாகும்? தறி சொல்ற வேகம் கொறைஞ்சு போகும். கம்பெனிக்காரன் சொல்றதவிடக் கொறைஞ்சு போகும். இத்தன வருஷம் மிஞ்சிட்டோம் மிஞ்சிட்டோம்னு சொன்னதெல்லாம் என்னாகறது? உங்கூரு வெயிலுக்கு நான் என்னம்மா பண்ணட்டும், பொட்டிக்கு ஒரு ஃபேன் வெச்சுக்கன்னு சொல்லி போன வெச்சுட்டேன்.

அவ விடலீங்க. அவுங்கப்பா மக்ரூன் கடை வெச்சிருக்கறாராம். சுட்டு முடிச்சு அடுப்பு ஆறிட்டு வர்ற நேரத்துல உள்ள போர்ட வெச்சு, தெர்மாமீட்டரும் வெச்சு, ஒவ்வொரு கம்பியா அளந்திருக்கறா. அளந்து புதுசா ஒரு அட்டவணை செஞ்சு அனுப்புனா. தறிக்குன்னு இன்டர்நெட்டுல இருக்கற பக்கத்துல, எல்லாரும் பாக்கற மாதிரி.

நான் சும்மா ஒரு தமாசுக்கு எழுதுனேன். "மக்ரூன் அடுப்பு அட்டவணையைத் தறியில் சேர்ப்பதற்கில்லை. அடுத்து பிஸ்கட் அடுப்பு அட்டவணையும் வருமா?"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்பறம் அவ என்ன எழுதுனாலும், யாராச்சும் ஒருத்தர் "மக்ரூன் மேடம் வந்துட்டாங்க"ன்னு கீழ போடுவாங்க. நான் போடச் சொல்லலீங்க. அவங்களா போட்டாங்க.

அவ அழுத்தக்காரி. திரும்பத் திரும்ப அனுப்புவா. நான் மூடுவேன். சான்று குடுன்னேன். குடுத்தா. தெர்மாமீட்டருக்குச் சான்று குடுன்னேன். அதையும் எங்கியோ கொண்டுபோய்க் காட்டி வாங்கிட்டு வந்துட்டா. "இது முட்டாள்தனம், இதற்குமேல் பேச நேரமில்லை"ன்னு எழுதிப் பூட்டியே வெச்சுட்டேன். பூட்டுனா அதுல யாரும் எழுத முடியாது.

அப்பறம் அவ கம்பெனி முதலாளிக்கு ஒரு மெயில் போட்டேன். நல்லெண்ணத்துலதாங்க. உங்க ஊழியர் ஆபீஸ் நேரத்துல இந்த மாதிரி வீண் வாதத்துல இருக்கறாங்க, உங்க பொட்டி சரியா ஓடலைன்னா காரணம் அதா இருக்கலாம்னு. மூத்தவன், அனுபவஸ்தன், ஒரு வார்த்தை சொல்றது கடமை இல்லீங்களா? வேலைய விட்டு நிறுத்திட்டாங்கன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. நான் நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை எழுதலியே. வேணும்னா மெயில எடுத்துக் காட்டறேன்.

வடை சாப்புடறீங்களா? வேண்டாமா. எனக்கும் வேண்டாம், எண்ணெய்.

நஞ்சப்பனப் பத்திச் சொல்லணும். என்னோட ஒண்ணா வேலை பாத்தவன். கோயமுத்தூர்லயே கணபதி ஏரியாவுல சொந்தமா பட்டறை போட்டிருக்கறான். பவர் பிரஸ்ஸுக்குப் பாதுகாப்புப் பொட்டி செய்யறவன். பிரஸ்ஸு பாத்திருக்கறீங்களா? மேல இருந்து ஒரு இரும்பு வந்து தகட்ட நச்சுன்னு அடிச்சுட்டுப் போகும். பொம்பளைங்கதான் ஜாஸ்தி நிப்பாங்க. தகட்ட வைக்கோணும், கைய எடுக்கோணும், பெடல மிதிக்கோணும். நாளெல்லாம் அதேதான். கை மாட்டிக்கிச்சுன்னா போச்சு. அதுக்கு நஞ்சப்பன் ஒரு பொட்டி செஞ்சான். முன்னாடி குறுக்க வெளிச்சம் ஓடும். வெளிச்சத்துல கை பட்டா, இரும்பு எறங்கறதுக்குள்ள பிரஸ்ஸு நின்னுறும். பொட்டிக்குள்ள இந்த சிப்பு. சிப்புக்கு எழுதுனது தறியில.

அவன் ஒருநாள் கூப்புட்டான். "ஏன்டா சிகாமணி, அந்தத் தூத்துக்குடிப் பொண்ணு சூடு சூடுன்னு ஏதோ எழுதியிருக்குதே. நம்ம பொட்டி தகரக் கொட்டாயில மாட்டறது. பிரச்சனை இல்லியே?"

"மக்ரூன் அடுப்புல வெச்சா நீயும் நானும்கூடத்தான்டா வேலை செய்ய மாட்டோம்"னேன்.

சிரிச்சுட்டு வெச்சுட்டான்.

சித்திரையில நடந்துச்சு. மோட்டார் தகடு அடிக்கற ஒரு கொட்டாயி. சரசாத்தான்னு ஒரு அம்மா. நல்லா வேலை தெரிஞ்ச அம்மாதான். உச்சி வெயிலு, மேல தகரம், பொட்டி அந்தத் தகரத்துக்குக் கிட்டத்துலதான் மாட்டியிருந்துருக்குது. தகடு சிக்கிக்கிச்சுன்னு கைய விட்டிருக்கறாங்க. வெளிச்சத்துல கை பட்டுது. பொட்டி நிறுத்தச் சொல்லல. நாலு விரலு. கட்ட விரலு மட்டும் மிச்சம்.

நஞ்சப்பன் ஆசுபத்திரியில இருந்து கூப்புட்டான். "சிகாமணி, பொட்டி நிக்கலடா. பொட்டி நிக்கல"ன்னு அதையே சொல்றான்.

"கரண்டு ஏறி எறங்கி இருக்கும்டா. வயர் லூசா இருக்கும். மொதல்ல அதப் பாரு"ன்னேன்.

பாத்தானாம். பொட்டியக் கழட்டி, காலையில ஒருக்கா ஓட்டிப் பாத்திருக்கறான், நல்லா நிக்குது. மத்தியானம் அதே தகரத்துக்கு அடியில வெச்சுப் பாத்திருக்கறான், பத்துல ரெண்டு நிக்கல. அப்பறம் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நேரா அந்தப் பொண்ணக் கூப்புட்டிருக்கறான். இத்தன வருஷப் பழக்கம். ஒரு வார்த்தை கேக்கல பாருங்க. அது எனக்கு ரொம்ப வருத்தமுங்க.

சட்டப்படி ரெண்டு பொட்டி வெச்சிருக்கணும். ஒண்ணு தப்புனா ஒண்ணு நிறுத்தும். ஒண்ணோட விட்டது நஞ்சப்பன். கைய விட்டது அந்தம்மா. ஆனா பேரு யாருக்குங்க? எனக்கு.

நான் ஓடி ஒளியலீங்க. அந்தம்மா வீட்டுக்கே போனேன். நஞ்சப்பன்தான் வாடான்னு கூட்டிட்டுப் போனான். ஒத்த ரூம்பு வீடு. கட்டுப் போட்ட கைய மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க. என்னையப் பாத்ததும் எந்திரிச்சுட்டாங்க. யாரு என்னன்னு தெரியாது, பேண்ட்டு சட்டை போட்டவர் வந்திருக்கறாருன்னு எந்திரிச்சுட்டாங்க. இருக்கற கையால டீ ஊத்திக் கொண்டு வந்தாங்க. எடது கை பழக்கமில்லீங்கல்ல, டம்ளர் சாஞ்சு என்ற பேண்ட்டுல கொட்டிருச்சு. வெளுத்த பேண்ட்டு. பரவால்லைன்னுட்டேன்.

விஷயத்தத் தெளிவாச் சொல்லிரணும்னு போன எடுத்துக் காட்டுனேன். தறியோட உரிமம். தறிய யார் எடுத்தாலும் கூடவே வர்ற காகிதம் மாதிரிதான். அதுல பெரிய எழுத்துல போட்டிருக்கும் தம்பி. நான் மட்டுமில்ல, இந்த மாதிரி இலவசமாக் குடுக்கற எல்லாரும் போடறதுதான். தமிழ்ல சொன்னேன். "இங்க பாருங்கம்மா, எந்த உத்தரவாதமும் கிடையாதுன்னு போட்டிருக்குது. இதப் பயன்படுத்தி எது நடந்தாலும் எழுதுனவர் பொறுப்பில்லைன்னு போட்டிருக்குது."

அந்தம்மா ரொம்ப நேரம் போனையே பாத்தாங்க. அப்பறம் கேட்டாங்க, "இதுல நான் எங்கீங்க கையெழுத்துப் போட்டேன்?"

"கையெழுத்தே தேவையில்லைங்கம்மா. எடுத்துப் பயன்படுத்துனாலே ஒத்துக்கிட்ட மாதிரி."

"நான் எடுக்கலீங்களே. எனக்கு அப்படி ஒண்ணு இருக்குதுன்னே தெரியாதுங்களே."

"உங்களுக்காக உங்க முதலாளி எடுத்திருக்கறாரு. அவருக்காக நஞ்சப்பன் எடுத்திருக்கறான்."

"அப்படீங்களா"ன்னாங்க. அவ்வளவுதான். புரிஞ்சுக்கிட்டாங்க. படிக்காதவங்கதான், ஆனா எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்கறாங்க. நஞ்சப்பன்தான் வெளிய வந்து சுவத்தப் பாத்துட்டு நின்னுட்டான். வாடா போலாம்னா, நீ பஸ்ஸுல போயிக்கன்னுட்டான். அன்னிக்கு நான் பஸ்ஸுலதான் வந்தேன், டீக்கறையோட.

அதுக்கப்பறம்தாங்க மதுரைக் கூட்டம். தறி பயன்படுத்தறவங்க வருஷா வருஷம் ஒரு காலேஜுல கூடுவோம். நான் பேசி முடிச்சதும் அவ எந்திரிச்சா. நான் அவள நேர்ல பாத்தது அப்பத்தான். ஒல்லியா, கண்ணாடி போட்டுட்டு, சாதாரணமா இருந்தா. நான் இன்னும் பெரிய ஆளா நெனைச்சிருந்தேன்.

சத்தமே போடல. "சார், நீங்க எனக்கு எழுதினத இப்ப படிக்கப் போறேன். நான் ஒண்ணும் சேக்க மாட்டேன். தப்பாப் படிச்சா நீங்களே திருத்துங்க"ன்னா.

படிச்சா. ஒவ்வொண்ணா. நான் எழுதுனது, பூட்டுனது, தமாசு, எல்லாம். அங்கிருந்த பாதிப் பேரு அதுக்குக் கீழ சிரிச்சவங்கதான். இப்ப யாரும் சிரிக்கல. அவங்கவங்க செருப்பப் பாத்துட்டு உக்காந்திருக்கறாங்க. ஒரு இடத்துல "இவர் முட்டாள்"னு படிச்சா. நான் விடல. எந்திரிச்சு, "முட்டாள்னு நான் எழுதல, முட்டாள்தனம்னுதான் எழுதியிருக்கறேன். ஆளச் சொல்லல, செயலச் சொன்னேன்"னேன். அவ காகிதத்தக் கிட்டத்துல வெச்சுப் பாத்துட்டு, "ஆமா சார். முட்டாள்தனம். மன்னிச்சுக்கோங்க"ன்னா. அந்த ஒரு இடத்துல நான்தான் ஜெயிச்சேன்.

கடைசியா சரசாத்தா கையோட படத்தத் திரையில போட்டா. போட்டுட்டுப் போய் உக்காந்துட்டா. அது முறையா தம்பி? ஒரு பொம்பளையோட கைய, கட்டுப் பிரிச்ச கைய, அத்தன பேர் முன்னாடி? நஞ்சப்பன்தான் எடுத்துக் குடுத்திருக்கறான். அந்தம்மாவே, காட்டுங்கன்னு சொன்னாங்களாம். அப்படிச் சொன்னா, இவளுக்கு அறிவு வேண்டாமா? மனசாட்சி இல்லாத ஜென்மம்.

அன்னியோட முடிஞ்சுது. இலவசம்னா யார் வேணா நகலெடுத்துத் தனியா நடத்தலாம். அதுக்குத் தடை இல்ல, நானே குடுத்த உரிமைதான். வேலை போயி வீட்டுல உக்காந்திருந்தாளே, அந்த நேரத்துல தறிய முழுசா நகலெடுத்து, சூட்டு அட்டவணையப் போட்டு, புதுத்தறின்னு பேரு வெச்சு வெளிய விட்டுட்டா. எல்லாரும் அங்க போயிட்டாங்க. அந்த ஜெர்மனிக்காரனும்தான். என்ற தறிய யாராச்சும் எடுத்தாங்களான்னு பாப்பேன். ஒருத்தர் எடுத்திருந்தாங்க. அப்பறம் பாத்தா, அது நான்தான், இன்னொரு கம்ப்யூட்டர்ல இருந்து.

என்ற வீட்டுல நான் கட்டுன மாடி. ஏணிய எடுத்துட்டு என்னையக் கீழ நில்லுன்னா எப்படி?

நஞ்சப்பன் இப்ப புதுத்தறியிலதான் பொட்டி செய்யறான். ரெண்டு ரெண்டா வைக்கறான்னு சொன்னாங்க. எல்லா எடத்துலயும் இல்ல, பெரிய எடத்துல ரெண்டு, சின்னக் கொட்டாய்ல ஒண்ணுதான். அந்தச் சரசாத்தா நின்ன பிரஸ்ஸுல இப்ப அவங்க மருமக நிக்கறா தெரியுமா? அதே பிரஸ்ஸு. பயமா இருந்தா மருமகளக் கொண்டாந்து விடுவாங்களா? நீங்களே யோசிச்சுப் பாருங்க.

கேளுங்க, இனிமேல்தான் விஷயம் இருக்குது.

நான் பேர மாத்திக்கிட்டு உள்ள போனேன். புதுத்தறிக்குள்ள. பவித்ரான்னு பேரு. திண்டுக்கல்லு, காலேஜு கடைசி வருஷம், கூச்ச சுபாவம். ஏன் பொண்ணுன்னா, அவ பொண்ணுங்கன்னா கரிசனமா இருப்பா. அது எனக்குத் தெரியும். மொதல்ல ஒண்ணுமே தெரியாத மாதிரி கேட்டேன். இத்தன வருஷ அனுபவத்த வெச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கறது லேசு இல்லீங்க. அவ பொறுமையாச் சொல்லிக் குடுத்தா. படம் போட்டுச் சொல்லிக் குடுத்தா. ஒண்ணு ரெண்டு நெசமாவே எனக்குத் தெரியாதது இருந்துச்சு, அது வேற.

சின்னச் சின்னதா திருத்தி அனுப்புவேன். நல்ல வேலை, சுத்தமான வேலை. என்ற வேலை எப்பவும் சுத்தமா இருக்கும். சேத்துக்குவா. ஒருநாள் வேணும்னே ஒரு தப்பு பண்ணி அனுப்புனேன், என்ன சொல்றான்னு பாக்கலாம்னு. அதுக்கு அவ எழுதுனா: "தப்புப் பண்ணுததுக்குப் பயப்படாத பவித்ரா. எனக்கு ஆரம்பத்துல ஒருத்தர் அப்படித்தான் பயம் காட்டினார். ஒரு வருஷம் எதையும் பத்துத் தடவை பாத்துட்டுத்தான் அனுப்பினேன். உனக்கு அப்படி நடக்க விடமாட்டேன்"னு.

அந்த ஒருத்தர் நான்தானுங்க! என்கிட்டயே என்னையப் பத்தி! படிச்சுட்டு அன்னிக்குச் சோறு எறங்கல. நான் பயம் காட்டுனேனா? கண்டிச்சேன். கண்டிக்கறதுக்கும் பயம் காட்டறதுக்கும் வித்தியாசம் தெரியாதவகிட்ட என்ன பேச?

ஆனா ஒண்ணு சொல்லணும். தெனமும் கேப்பா. பரீட்சை எப்படிப் போச்சு, காய்ச்சல் விட்டுதா, சாப்டியான்னு. ஒருக்கா அட்ரஸ் குடு, மக்ரூன் அனுப்புதேன்னு எழுதுனா. ஹாஸ்டல்ல விடமாட்டாங்கக்கான்னு சொல்லிட்டேன். எப்படிக் குடுக்கறது? அனுப்பியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். எங்கூட்டுல அப்படியெல்லாம் கேக்க யாருமில்லீங்க. போன் பண்ணாக்கூட மகதான் எடுக்கறா, அம்மா தூங்கறாங்கன்னு சொல்லுவா. எந்நேரத்துக்குக் கூப்புட்டாலும் தூக்கம்தான்.

இப்ப இந்தத் திரையில நீங்க பாத்தீங்கல்ல எண்ணு, அது அந்த அட்டவணைதான். சூட்டு அட்டவணை. ஈரோடு தாண்டுனப்ப அனுப்புனேன். "அட்டவணையை ஒழுங்காக வரிசைப்படுத்தியிருக்கிறேன் அக்கா, படிக்க எளிதாக இருக்கும்"னு போட்டு. வரிசைப்படுத்துனா எல்லா வரியும் எடம் மாறிரும். ஆயிரக்கணக்கான வரி. எந்த எண்ணு மாறியிருக்குதுன்னு யார் உக்காந்து பாக்கப் போறாங்க? உள்ள முக்கியமான கம்பிக்கெல்லாம் என்ற எண்ணப் போட்டுட்டேன். பழசு. மாடி ரூம்புல அளந்தது.

கெடுதல்னு சொல்லாதீங்க தம்பி. பொய் எண்ணு போட்டிருந்தா கெடுதல். இது நான் அளந்தது. நெசமா அளந்தது. கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சவனோட எண்ணு, அவன் செஞ்ச மென்பொருள்ல, இருக்க வேண்டிய எடத்துல இருக்கட்டும்கறேன். அவ்வளவுதான். சேக்கறதும் நான் இல்ல. அவ பாத்து, அவ கையால சேக்கணும். நாளைக்கு யாராச்சும் தொறந்து பாத்தா, சேத்தது யாருன்னு அவ பேருதான் இருக்கும். அவளும் உரிமத்துல உத்தரவாதம் கிடையாதுன்னுதான் போட்டிருக்கறா. நான் போட்ட வரிய எடுக்கல, அப்படியே வெச்சிருக்கறா. அப்பறம் என்ன?

இனிமே புதுத்தறிய எடுத்துச் செய்யற பொட்டிக்கு மட்டும்தான் இது வரும். பழைய பொட்டிக்கு ஒண்ணும் ஆகாது. நஞ்சப்பன் எப்ப புதுசு எடுப்பான்னா, வாரா வாரம் எடுப்பான். அவன் அப்படித்தான், எதுலயும் புதுசு வேணும்.

ஏன் தம்பி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது? வண்டி ஆடறது ஒத்துக்கலியா? தண்ணி குடிங்க.

இருங்க, வந்துருச்சு. அவதான். பாருங்க, நீங்களே பாருங்க. "பாத்துட்டேன் பவித்ரா. ரொம்ப அழகா வரிசைப்படுத்தியிருக்க. சேத்துட்டேன். இன்னைக்கு லீவுதானே, சாப்டியா?"

பாவம், ஒண்ணுமே பாக்கல. பச்சைக் குறி போட்டுட்டா.

ஒரு நிமிஷம் இருங்க தம்பி. சாப்ட்டேன்க்கான்னு போட்டுடறேன். பதில் போடலீன்னா மனசு வருத்தப்படும்.